பதினாறாம் நம்பர்த் தோட்டா

"பொறுங்கோ தம்பி, இதை ஒருக்காக் கேட்டுப் பாப்பம்" என்று சொல்லிவிட்டு, சந்திரகுமார் கையிலிருந்த தோட்டாவைக் காதோரம் வைத்துக் குலுக்குகிறார். கடையில் தேங்காய் வாங்குகிறவர்கள் குலுக்குவார்களே, அதே குலுக்கல்தான். உள்ளே ஈயச் சன்னம் ஆடினால் பிரித்து மறுபடி அடைக்க வேண்டும். ஆடாவிட்டாலும் அவருக்குச் சந்தேகம் தீராது. மற்றக் காதிலும் வைத்துப் பார்ப்பார். சாப்பாட்டு மேசையில் முந்தாநாள் பேப்பர் விரித்திருக்கிறது. அதன்மேல் வெறும் சிவப்புத் தோட்டாக் கோதுகள் ஏழு, இருமல் மருந்து குடிக்கிற பிளாஸ்டிக் கரண்டி ஒன்று, மூக்குக்கண்ணாடி இரண்டு. காலை பத்து மணி. மனைவி ஜீவராணி சந்தைக்குப் போய்த் திரும்பும்வரை மேசை அவருடையது.

கொழும்பில், வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நாலாம் மாடியில் அவர் இருக்கிறார். அடுத்த வீடு என்னுடையது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் அலுமாரி, அலுமாரிக்குள் பிஸ்கட் டின், டின்னுக்குள் மருந்து. மருந்து என்றால் வெடிமருந்து. சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் வீட்டுச் சாமிப் படங்களையெல்லாம் மாட்டியிருக்கிறேன். வேறு என்ன செய்வது?

அவருக்கு வயது எழுபத்தொன்று. காப்புறுதிக் கம்பனி ஒன்றில், தீ விபத்துக்கு நட்டஈடு கொடுக்கும் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவர். வீடு எரிந்துபோய் வந்து நிற்கிற மனிதர்களிடம், "அடுப்படியில மண்ணெண்ணெய் வச்சிருந்தனீங்களோ? எத்தினை போத்தில்?" என்று துருவித் துருவிக் கேட்டு, பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிய கை இது. இன்று அந்தக் கைதான் இருமல் கரண்டியால் வெடிமருந்து அள்ளுகிறது. இப்படி வீட்டில் வைத்துத் தோட்டா அடைக்க அனுமதி இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டேன்.

"கடிதம் போட்டனான். பதில் வரேல்லை. மாட்டன் எண்டா எழுதியிருப்பாங்கள்தானே?" என்றார். மருந்து எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நானும் சாட்சியாகிவிடுவேன்.

இந்தத் தோட்டாக்களுக்குரிய துவக்கு அவர் வாங்கியதல்ல, சீதனத்தோடு வந்ததுமல்ல. அவருடைய மாமனார் சிலாபத்தில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். ஊருக்குள்ளே ஆறு ஏக்கர் தென்னங்காணி வாங்கினார். நாட்டை விட்டுப் போன வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் இந்தத் துவக்கையும் வாங்கினார். எண்பதுகளில் துவக்குகளைக் கொண்டுவந்து ஒப்படைக்க அரசாங்கம் சொன்னபோது பொலிஸில் கொடுத்துவிட்டு ஒரு ரசீதுத் துண்டு வாங்கி வந்தார். மாமனார் செத்தார், காணி மகளுக்கு வந்தது, துண்டு மருமகனுக்கு வந்தது. யுத்தம் முடிந்த பிறகு சந்திரகுமார் அந்தத் துண்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு வருடம் ஏறாத படி இல்லை. கடைசியில் துவக்கும் வந்தது, பயிர் காக்கும் கமக்காரர் என்று அவர் பெயரில் லைசனும் வந்தது. வெள்ளவத்தை நாலாம் மாடிக் கமக்காரர்! பல்கனியில் ஒரு கறிவேப்பிலைச் சாடிகூடக் கிடையாது.

துவக்கு வந்த பிறகுதான் வினை தொடங்கியது. அது பதினாறாம் நம்பர்க் குழல். காணிக்காரர்கள் கையில் கிட்டத்தட்ட எல்லாம் பன்னிரண்டாம் நம்பர்தான்; கடைகளில் இருக்கிற தோட்டாவும் அதற்குத்தான். இவரோடு ஒருநாள் நானும் கடைக்குப் போனேன். கடைக்காரர் இவரை ஏற இறங்கப் பார்த்தார். "தஹசய? நே மஹத்தயா. தொளஹ தியெனவா" என்றார். பதினாறு இல்லை, பன்னிரண்டு இருக்கிறது என்று அர்த்தம். வேறு யாராக இருந்தாலும் முகம் வாடியிருக்கும். சந்திரகுமாருக்கோ மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது. வெளியே வந்து காலி வீதியில் நடக்கும்போது, "பன்னிரண்டை எவனும் வச்சிருப்பான் தம்பி. பதினாறு எண்டா பதினாறுதான்" என்றார். சுட முடியாத துவக்கு வைத்திருப்பதில் இப்படி ஒரு பெருமை இருக்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆகவே தானே அடைப்பதென்று இறங்கினார். மாமனாரின் பெட்டியில் பழைய கோதுகள் கிடந்தன. கோதுக்குள் மருந்தையும் சன்னத்தையும் வைத்து அழுத்துகிற கை இயந்திரத்தை மைத்துனர் ராகுலன் கனடாவிலிருந்து பெட்டிக்குள் கொண்டுவந்தார். விமான நிலையத்தில் திறந்து பார்த்த பெண் உத்தியோகத்தர் இது என்ன என்று கேட்டாராம். ராகுலன் இடியப்ப உரல் என்றாராம். அந்தப் பெண் கைப்பிடியை இரண்டு தரம் ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, நல்ல பலமான உரல் என்று தலையாட்டி அனுப்பினாராம். ஜீவராணிக்கு இன்றுவரை அது உரல்தான். "அந்த உரலை மேசையால எடுங்கோ, நான் சோறு வைக்கவேணும்" என்பார்.

மருந்துக்கும் சன்னத்துக்கும் இடையில் வட்டமாக வெட்டிய மட்டை ஒன்று வைக்க வேண்டும். அதற்கு அவர் கண்டுபிடித்த பொருள் கலியாணக் காட். வெள்ளவத்தையில் கலியாணக் காட்டுக்குப் பஞ்சமில்லை. மாப்பிள்ளை எந்த நாடு என்பதைக் காட்டின் கனத்தை வைத்தே சொல்லிவிடுவார். "இது லண்டன். நல்ல மட்டை. மூண்டு தோட்டாவுக்குக் காணும்." அழைக்க வந்தவர்கள் எதிரே இருக்கும்போதே விரலால் நெரித்துப் பார்ப்பார், அவர்கள் தங்கள் எழுத்தைத்தான் மெச்சுகிறார் என்று நினைத்துச் சிரிப்பார்கள். என் தங்கையின் கலியாணக் காட்டைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். மூன்றாம் நாள் அதே காட் குப்பை வாளியில் கிடந்தது. மணமகன் பெயர் இருந்த இடத்தில் வட்டமாக ஓர் ஓட்டை. நான் அவரோடு ஒரு கிழமை கதைக்கவில்லை.

இவ்வளவும் எதற்கு? குரங்குக்கு. ஆறு ஏக்கரிலும் காய்க்கிற தென்னங்குரும்பட்டியில் பாதியைக் குரங்குகள் பிடுங்கி எறிகின்றன. ஆனால் குரங்கைச் சுடுவதற்கு அவருக்கு மனம் வராது. சனிக்கிழமை தோறும் தெஹிவளை ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போகிறவர். "சுடுறதில்லை தம்பி, வெருட்டுறது. ஆகாயத்தைப் பாத்து ஒரு வெடி. நான் அவரிட்ட முன்கூட்டியே சொல்லிப் போட்டன்" என்று விளக்குவார். ஆகாயத்துக்கு விடப் போகிற வெடிக்குச் சன்னம் எதற்கு என்று கேட்டேன். பதினாறு எண்டா பதினாறுதான் என்றார்.

பத்து வருடத்தில் இருபத்து நாலு தோட்டா அடைத்திருப்பார். ஒன்றுகூட வெடித்ததில்லை. வெடிக்க வைத்துப் பார்த்ததுமில்லை. அடைத்ததைப் பிரிப்பார், பிரித்ததை அடைப்பார், பித்தளை அடியைப் பழப்புளி போட்டு மினுக்குவார், குலுக்குவார், பெட்டியில் வைப்பார். லைசனை மட்டும் வருடம் தவறாமல் புதுப்பிப்பார். மூலப் பத்திரத்துக்கு லமினேற் அடித்து வைத்திருக்கிறார். அதன் சின்னப் பிரதி ஒன்று எப்போதும் அவருடைய பேர்சில் இருக்கிறது, அடையாள அட்டைக்கும் முன்னால். வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி வருமுன் லைசன் வரும்.

போன வருடம் அதற்கு ஆபத்து வந்தது. காணி இருக்கிற ஊர்க் கிராம சேவகர்தான் வருடாவருடம், இந்தத் துவக்கு பயிர் காக்கப் பாவிக்கப்படுகிறது என்று எழுதிக் கையெழுத்து வைப்பார். பாவம், நல்ல மனிதர். ஒக்டோபரில் அவரே ரெலிபோன் எடுத்துச் சிங்களத்தில் பேசினார். மேலிடத்தில் இப்போது துருவிக் கேட்கிறார்களாம். பத்து வருடமாகக் கையெழுத்து வைக்கிறேன், அந்தத் துவக்கின் சத்தத்தை ஊரில் ஒருவராவது கேட்டதில்லையே, நானும் எப்படிப் பொய் எழுதுவது என்றார். ஒரு நாள் வந்து ஒரு வெடி வையுங்கள், என் காதால் கேட்டுவிட்டுக் கையெழுத்து வைக்கிறேன் என்றார். இல்லாவிட்டால் துவக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

சந்திரகுமார் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். சுவருக்கு அந்தப் பக்கத்துப் பிஸ்கட் டின் ஒரேயடியாகத் தொலையும் அல்லவா? மாடிப்படியில் ஜீவராணியைக் கண்டபோது அதையே பல்லிளித்துக்கொண்டு சொன்னேன். "இனி உங்களுக்கும் நிம்மதி அக்கா, சாப்பாட்டு மேசை திரும்பக் கிடைக்கும்." அவர் சந்தைப் பையைக் கீழே வைத்தார்.

"தம்பி, உங்களுக்குத் தெரியாது. தொண்ணூத்தாறில இவரை வீட்டில வச்சுப் பொலிஸ்காரர் பிடிச்சுக்கொண்டு போனவங்கள். ஐடென்டிட்டி கார்ட்டில யாழ்ப்பாண விலாசம், அதுதான் குற்றம். ரெண்டு நாள் வச்சிருந்து விட்டாங்கள். அண்டைக்குப் பிறகு வீட்டு பெல் அடிச்சா இவர் குளியலறைக்குள்ள போயிடுவார். பதினேழு வருசம் கதவு திறந்தது நான். அந்த லைசன் வந்த பிறகுதான் இவர் எழும்பிப் போய்க் கதவு திறக்கிறவர். இப்ப ஆர் பெல் அடிச்சாலும் அவர்தான் முதல்ல ஓடுவார். நீங்கள் காணேல்லையோ?"

கண்டிருக்கிறேன். நான் பெல்லில் கை வைக்குமுன் கதவைத் திறந்துகொண்டு நிற்பார்; வேலையில்லாத மனிதர் என்று வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. பிஸ்கட் டின்னை நினைத்தால் பயமும் போகவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு படியேறினேன்.

கிராம சேவகரிடம் நாள் குறித்தது விஜயதசமி கழிந்த ஞாயிற்றுக்கிழமைக்கு. அதற்கு முன் ஆயுத பூசை வந்தது. இவருக்குக் கேட்கவா வேண்டும்? சாமியறையில் வாழையிலை போட்டு, துவக்கைக் கிடத்தி மாலை போட்டார். பக்கத்தில் வெள்ளித் தட்டில் தோட்டாக்களை நிமிர்த்தி அடுக்கி, பன்னீர் தெளித்தார். பிறகு சந்தனக் கிண்ணத்தை எடுத்தார். தோட்டாவின் பின்பக்கத்தில், துவக்கின் ஊசி வந்து தட்டுகிற சின்னத் தொப்பி இருக்கும். தட்டினால் பொறி பறப்பது அதில்தான். தண்ணீர் விட்டுக் குழைத்த சந்தனத்தில் அந்தத் தொப்பியின் நடு உச்சியில் ஒரு பொட்டு, பொட்டின் மேல் குங்குமம். இருபத்து நாலுக்கும் வைத்தார். மிகவும் லட்சணமாகத்தான் இருந்தது.

"இஞ்சாருங்கோ, ஈரம் பட்டா நெருப்புக்குச்சியே பத்தாது. இதென்ன செய்யிறியள்?" என்றார் ஜீவராணி.

"ஆயுத பூசைக்கு ஆயுதத்துக்குப் பொட்டு வைக்காம, பிறகு ஆருக்கு வைக்கிறது ராணி? உமக்கு இது விளங்காது."

ஜீவராணி கற்பூரத் தட்டை நீட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வான் பிடித்துப் புறப்பட்டோம். என்னைச் சாட்சிக்கு என்று கூட்டிப்போனார். படுக்கை விரிப்பில் சுற்றிய துவக்கை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் இருந்தார்; பின்சீட்டில் நானும் ஜீவராணியும். மேல் சட்டைப்பையில் லைசன், பாதி வெளியே தெரிகிற மாதிரி. வத்தளை தாண்டிய பிறகு பொலிஸ்காரர்களைக் கண்ட இடத்திலெல்லாம் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே போட்டார். டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொன்னார். நீர்கொழும்பில் ஒரு பொலிஸ்காரரைப் பார்த்துக் கையும் காட்டினார். அந்த ஆள் பதிலுக்குக் கை காட்டிவிட்டு அடுத்த லொறியை மறித்தார். "ஒருத்தனும் மறிக்கிறான் இல்லையே தம்பி" என்று சலித்துக்கொண்டார். ஒரு காலத்தில் இதே மனிதர் பக்கத்திலுள்ள பம்பலப்பிட்டிக்குப் போய் வருவதற்குள் மூன்று சோதனைச் சாவடியில் இறங்கி ஏறியவர்.

காணியில் காவலுக்கு இருப்பவர் இராமர், ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து முப்பது வருடமாக இங்கேயே இருக்கிறார். அவர் துவக்கைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார். "நான் இந்த யானை வெடியக் கொளுத்திப் போட்டுத்தாங்க வெரட்டுறேன். நல்லா ஓடுதுங்க" என்று கொட்டிலைக் காட்டினார். திரி வைத்த, சோளப்பொத்தி அளவு பட்டாசு அது. சந்திரகுமார் அதைப் பார்க்கவும் விரும்பவில்லை. "அது சின்னப்பிள்ளையள் கொளுத்துறது" என்றார்.

"சரிங்கய்யா. ஆனா தோள்ல நல்லா அண்டக் குடுத்துப் புடிங்க. வெடிக்கிறப்போ இடிக்கும். எங்க பழைய பெரிய கங்காணிக்கு எலும்பே நகந்திருச்சுங்க."

கிராம சேவகர் மோட்டார் சைக்கிளில் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே கிணற்றுக் கட்டுக்குப் பக்கத்தில் நின்று, படிவத்தையும் பேனாவையும் எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார். நேர் எதிரே மூன்றாவது தென்னையில் ஏழெட்டுக் குரங்குகள். சந்திரகுமார் கிழக்குப் பார்த்து நின்று, உதட்டுக்குள் எதையோ சொல்லி, துவக்கை ஆகாயத்துக்கு நீட்டி வலது தோளில் அண்டக் கொடுத்தார். நாங்கள் எல்லோரும் காதைப் பொத்தினோம்.

டக்.

அவ்வளவுதான். ஒரு குரங்கு எங்களைத் திரும்பிப் பார்த்தது. சற்றுப் பொறுத்து, தோட்டாவை மாற்றினார். டக். மூன்றாவது தோட்டா. டக். வெளியே எடுத்த தோட்டாக்களில் குங்குமப் பொட்டு மட்டும் நடுவில் அழகாக உடைந்திருந்தது. இராமர் தலையைச் சொறிந்தார். ஜீவராணியைத் தேடினேன், நின்ற இடத்தில் காணவில்லை. பார்க்கச் சகிக்காமல் போய்விட்டார் என்று நினைத்தேன்.

கிராம சேவகர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் போட்டார். "ஹரி மஹத்தயா" என்றார். சரி ஐயா, போதும் என்கிற ஹரி அது. கோபமாகச் சொல்லவில்லை, இரக்கத்தோடுதான் சொன்னார். அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை. சந்திரகுமாருடைய முகம் சின்னதாகிவிட்டது. இடது கை தானாகச் சட்டைப்பைக்குப் போய் லைசனைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தது. பத்து வருடமாக இந்த மனிதரைப் பார்த்துச் சிரித்தவன் நான். அந்த நிமிடத்தில் ஆஞ்சநேயரே, இது ஒன்றாவது வெடிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"ஒண்டு மட்டும் மாத்தயா. கடைசி ஒண்டு" என்று தமிழிலேயே சொன்னார் சந்திரகுமார். கிராம சேவகருக்குப் புரிந்ததோ என்னவோ, நின்றார். சந்திரகுமார் தோட்டாவைப் போட்டு, துவக்கைத் தூக்கி மறுபடி வலது தோளில் வைத்து, கண்களை இறுக மூடிக்கொண்டு இழுத்தார். நான் ஒரு முழத் தூரத்தில் நின்றேன். டக் என்றது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அதே நொடியில் நிலம் அதிர வெடித்தது.

கிராம சேவகர் ஹெல்மெட்டோடு குந்திவிட்டார். குரங்குகள் எந்தப் பக்கம் போயின என்று தெரியவில்லை. இராமருடைய நாய் அடுத்த காணிக்குள் குரைத்தது. கிராம சேவகர் எழும்பி, மண்ணைத் தட்டிக்கொண்டு, வாய் நிறையச் சிரித்தார். "சத்தெ நம் ஹொந்தாய் மஹத்தயா!" சத்தம் என்றால் இதுதான் ஐயா சத்தம் என்று பாராட்டி, மோட்டார் சைக்கிளின் பெற்றோல் டாங்கியின் மேல் படிவத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, காதைக் குடைந்துகொண்டே புறப்பட்டுப் போனார்.

துவக்கு வாயில் ஒரு நூல் புகை இல்லை. புகையெல்லாம் கொட்டிலுக்குப் பின்னாலிருந்துதான் எழும்பிக்கொண்டிருந்தது. அந்தப் புகைக்குள்ளிருந்து ஜீவராணி வந்தார், கையில் இராமருடைய நெருப்புப் பெட்டி. அதை இராமரிடம் கொடுத்துவிட்டு, சேலைத் தலைப்பால் விரல்களைத் துடைத்தார். சந்திரகுமார் புகையைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். 

"தோளில இடிச்சுப் போட்டுதோ?" என்று ஜீவராணி கேட்டார்.

சந்திரகுமார் கையெழுத்துப் படிவத்தை நாலாக மடித்து லைசனோடு வைத்தார். 

"ஓம். கொஞ்சம் பலமாத்தான் இடிச்சது."

ஜீவராணி கைப்பையைத் திறந்து தைலக் குப்பியை எடுத்தார். சந்திரகுமார் துவக்கை மரத்தில் சாத்திவிட்டு, மேல் பொத்தான் இரண்டைக் கழற்றி, சட்டையை இறக்கி, மனைவியின் பக்கமாக இடது தோளைத் திருப்பிக் கொடுத்தார். ஜீவராணி அந்தத் தோளிலேயே தைலத்தைப் பூசினார்.